பகிர்வு அலுவலகங்கள்: பலகையில் ஒரே பெயர், உள்ளே பல வகை

கொழும்பில் ‘கோவேர்க்கிங்’ என்று பலகை போட்ட மூன்று இடங்களுக்குள் நுழைந்தால் மூன்றும் மூன்று விதமாக இருக்கலாம். ஒன்றில் நீண்ட மேசை. எந்தக் கதிரை காலியோ அதில் உட்கார வேண்டும். அடுத்ததில் கண்ணாடிக் கதவும் பூட்டும் கொண்ட சிறு அறைகள். மூன்றாவதில் உட்கார இடமே தரமாட்டார்கள். உங்கள் பெயருக்கு வரும் கடிதத்தை வாங்கி வைப்பதற்கு மாதக் கட்டணம் எடுப்பார்கள். விளம்பரப் படம் மட்டும் மூன்றுக்கும் ஒன்றுதான்: வெள்ளைச் சுவர், தொங்கும் மின்குமிழ், மூலையில் ஒரு மணிப்பிளாண்ட்.

வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்தவர்களும் தனியாகத் தொழில் செய்பவர்களும், வேறொருவர் நடத்தும் ஓரிடத்தில், வசதிகளைப் பொதுவில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் அதைப் பகிர்வு அலுவலகம் எனலாம். ஒரே கம்பனியின் நூறு பேர் சுவரில்லாத மண்டபத்தில் வரிசையாக இருந்தால் அது இந்தக் கணக்கில் வராது. அங்கே எல்லோருக்கும் முதலாளி ஒருவர். கதவைத் திறப்பவரும் அவர்தான், இரைச்சல் போட்டால் அடக்குபவரும் அவர்தான்.

வகை பிரிக்க ஒரு கேள்வி போதும்: எது உங்களுக்கு மட்டும், எது எல்லோருக்கும் பொது? கதிரை, மேசை, அறை, முகவரி, இயந்திரம், இணையம், வரவேற்பாளர் என்று ஒவ்வொன்றையும் எடுத்து, இது யாருடையது என்று கேட்டுக்கொண்டே போங்கள். கோடு எங்கே விழுகிறதோ அதுதான் வகை. பிறகு வரும் சண்டைகளில் பெரும்பாலானவை, பொதுவான ஒன்றைத் தனக்கு மட்டுமென்று நினைத்ததால் வருபவை.

இந்த ஏற்பாடு கொழும்புக்குப் புதிதும் இல்லை. புதுக்கடை நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் சட்டத்தரணிகள் இரண்டு மூன்று பேராக ஓர் அறையை எடுத்து, ஒரே லிகிதரையும் ஒரே தட்டச்சுக்காரரையும் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். கட்சிக்காரர் தனித்தனி, வருமானம் தனித்தனி, வாடகை பொது. செட்டியார் தெருவின் நகைப் பட்டறைகளிலும் ஆளுக்கொரு பலகையும் கருவிகளும் சொந்தம். தகடு உருட்டும் இயந்திரம் போன்ற பெரிய சாமான் பொது. புதியது எதுவென்றால், இடத்தை நடத்துவதையே ஒருவர் தனித் தொழிலாக எடுத்துக்கொண்டதும் அதை மாதச் சந்தாவாக விற்பதும்தான்.

நான்கு வேர்கள்

இன்று ஒரே பெயரில் விற்கப்படும் இந்த வடிவங்கள் வெவ்வேறு தேவைகளிலிருந்து வந்தவை. 1959இல் நியூயோர்க் மாநிலத்தின் பட்டாவியா என்ற சிறு நகரத்தில், மூடப்பட்ட ஒரு பெரிய தொழிற்சாலைக் கட்டடத்தை முழுதாக எடுக்க ஆள் கிடைக்கவில்லை. ஜோசப் மன்குசோ என்பவர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சிறு தொழில்களுக்குக் கொடுத்தார். கூடவே ஆலோசனையும் அலுவலக உதவியும் தந்தார். தொழில் வளர்ப்பகங்களின் வரலாறு அங்கிருந்து சொல்லப்படுகிறது. 1989இல் மார்க் டிக்சன் பிரசல்ஸில் ரீஜஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பயணத்தில் வரும் வியாபாரிகளுக்கு எல்லாம் தயாராக உள்ள அறையை வாடகைக்கு விடுவது அவரது வேலை. 1995இல் பேர்லினில் தொடங்கிய சி-பேஸ் போன்ற இடங்கள் கணினி ஆர்வலர்கள் தாங்களே காசு போட்டு நடத்தியவை. 2005 ஓகஸ்டில் பிராட் நியூபேர்க் என்ற மென்பொருள் வல்லுநர் சான் பிரான்சிஸ்கோவில் வாரத்தில் சில நாட்கள் மேசைகளை விரித்துப்போட்டு, தனியாக வேலை செய்பவர்களைக் கூட்டி உட்காரவைத்தார். கோவேர்க்கிங் என்ற பெயர் பரவியது அதன் பிறகு.

வேர் எது என்று தெரிந்தால் அந்த இடத்தின் குணமும் பிடிபடும். கட்டட வியாபாரத்திலிருந்து வந்தது சதுர அடியைப் பற்றிப் பேசும். தனியாகத் தொழில் செய்பவர்களிடமிருந்து வந்தது உறுப்பினர், கூட்டம், அறிமுகம் என்று பேசும். வளர்ப்பகம் உங்கள் தொழில் திட்டத்தைக் கேட்கும். ஆர்வலர் கழகம், நீங்கள் கூட்டிப் பெருக்குவீர்களா என்று கேட்கும்.

ஹொட் டெஸ்க்: கதிரை உங்களுடையது அல்ல

மிக மலிவான வகை இது. மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. நீங்கள் வாங்குவது உள்ளே வரும் உரிமையை மட்டும். வந்த நேரத்தில் எது காலியோ அது உங்கள் இடம். மாலையில் எழும்பும்போது மேசையில் எதுவும் விட்டுப்போக முடியாது. பூட்டுள்ள லொக்கர் கட்டணத்துக்குள் அடங்குமா, தனியாகவா என்று கேளுங்கள். தினமும் மடிக்கணினியோடு மானிட்டரையும் தூக்கிக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி வழியே போக யாராலும் முடியாது.

நடத்துபவரின் கணக்கைத் தெரிந்துகொண்டால் மற்றவை விளங்கும். 40 கதிரை இருக்கும் இடத்தில் 40 பேருக்கு மட்டும் சந்தா விற்றால் கட்டுப்படியாகாது. எல்லோரும் எல்லா நாளும் வருவதில்லை என்பதால் கூடுதலாக விற்பார்கள். 100 பேரைச் சேர்த்து, ஒவ்வொருவரும் ஐந்து நாளில் இரண்டு நாள் வருகிறார் என்று வைப்போம். சராசரி நாளொன்றுக்கு 40 பேர். காகிதத்தில் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் வருகை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். சராசரியே முழுக் கொள்ளளவாக இருந்தால் கூடின நாளெல்லாம் நெருக்கடிதான். அதே இடத்தில் 80 பேர் என்றால் சராசரி 32, எட்டுக் கதிரை கையிருப்பு. ஆகவே ‘எத்தனை கதிரை?’ என்பதோடு ‘எத்தனை உறுப்பினர்?’ என்றும் கேளுங்கள். நேரடியாகப் பதில் வராவிட்டால், செவ்வாய் அல்லது புதன் முற்பகல் 11 மணிக்குச் சொல்லாமல் போய் எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமை சுற்றிக் காட்டும்போது எந்த இடமும் அமைதியாகத்தான் இருக்கும்.

இரண்டாவது சிக்கல் சத்தம். பக்கத்தில் இருப்பவர் அந்நிய ஆள். அவருடைய வாடிக்கையாளரோடு அவர் பேசத்தான் செய்வார். நல்ல இடங்களில் தொலைபேசிக்கென்று ஓர் ஆள் நிற்கும் அளவு கூண்டுகள் இருக்கும். ஒன்றோ இரண்டோ கூண்டுக்கு முப்பது பேர் என்றால் காலையிலிருந்தே வரிசை. கூண்டுக்குள் கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்: காற்றாடி இல்லாவிட்டால் கொழும்பின் வெக்கையில் அரை மணி நேர அழைப்பு தாங்காது. வேலையில் பாதி தொலைபேசி என்றால் ஹொட் டெஸ்க் உங்களுக்கு மலிவானதல்ல. கூட்ட அறைக்குத் தனியாகக் காசு கொடுத்தே முடியும்.

மூன்றாவது, பிறர் கண். வாடிக்கையாளரின் கணக்குப் புத்தகம், நோயாளர் விபரம், சம்பளப் பட்டியல் இவற்றைத் திறந்து வைத்து வேலை செய்பவர்களுக்குப் பொது மேசை பொருந்தாது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஆளுக்குரிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பலர் ஒப்பந்தத்திலேயே பொது இடத்தில் வேலை செய்யக்கூடாது என்று எழுதிவிடுவார்கள். சந்தா கட்டுவதற்கு முன் அந்த ஒப்பந்தத்தை ஒருமுறை வாசிப்பது நல்லது.

நிலையான மேசை

பொது மண்டபத்திலேயே ஒரு மேசை உங்கள் பெயரில். மானிட்டரை விட்டுப்போகலாம், இழுப்பறை பூட்டலாம். சத்தமும் பிறர் கண்ணும் அப்படியேதான் இருக்கும். வாரத்தில் நான்கு நாளுக்கு மேல் வருபவருக்கு இது சரி. மேசையின் அளவை நாடா வைத்து அளக்கச் சொல்வோம்: 120 சென்றிமீற்றர் அகலமும் 60 ஆழமும் இருந்தால் ஒரு மானிட்டரும் மடிக்கணினியும் நிம்மதியாக வைக்கலாம். 100க்குக் கீழே போனால் முழங்கை இடிக்கும். கதிரையின் உயரம் மாறுமா, முதுகு சாய்வு உடைந்திருக்கிறதா என்பதையும் உட்கார்ந்தே பாருங்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் அதில்தான்.

தனி அறையும் சேவை அலுவலகமும்

இங்கே கோடு வேறு இடத்தில் விழுகிறது. அறை உங்களுக்கு, சமையலறை, கழிப்பறை, வரவேற்பு, கூட்ட அறை பொது. இரண்டு பேரிலிருந்து இருபது பேர் வரை கொள்ளும் அறைகள் இந்த வகையில் கிடைக்கும். கோட்டையிலோ கொள்ளுப்பிட்டியிலோ ஒரு மாடியைச் சொந்தமாக எடுத்தால் சதுர அடிக்கு வாடகை, பல மாத முற்பணம், தளபாடம், வயரிங், துப்புரவாளர், இணையம், ஜெனரேட்டர் என்று வரிசையாகச் செலவு வரும். சேவை அலுவலகத்தில் இவை எல்லாம் ஒரே விலைச்சிட்டைக்குள் அடங்கும். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் அது கூடுதலாகத் தெரியும். ஆனால் ஆறு மாதத்தில் ஆட்கள் மூன்றிலிருந்து எட்டாகுமா, எட்டிலிருந்து மூன்றாகுமா என்று சொல்ல முடியாத தொழிலுக்கு, அந்தக் கூடுதல் பணம் நீண்ட குத்தகையில் மாட்டாமல் இருப்பதற்கான விலை.

கண்ணாடிச் சுவர் அறையில் ஒரு சங்கதி. சுவர் கூரையின் கொங்கிரீற் வரை போகிறதா, அல்லது தொங்கு கூரையோடு நின்றுவிடுகிறதா? நின்றுவிட்டால் பக்கத்து அறைப் பேச்சு மேலாக வந்து விழும். கதவைச் சாத்திவிட்டு ஒருவரை அடுத்த அறையில் சாதாரணக் குரலில் பேசச் சொல்லிக் கேட்டாலே தெரிந்துவிடும். ஏசியின் கட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கோபுரக் கட்டடங்கள் சிலவற்றில் மைய ஏசி மாலையில் நிறுத்தப்படும். சனி பிற்பகலும் ஞாயிறும் ஓடாது. கேட்டால் மணித்தியாலக் கட்டணம். திறக்க முடியாத யன்னல் உள்ள அறையில் ஏசி நின்றால் வேலையும் நிற்கும்.

காகிதத்தின் வகையையும் இங்கே பார்க்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கால அசையாச் சொத்துக் குத்தகை செல்லுபடியாக, நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் கைச்சாத்திடப்பட வேண்டும். பகிர்வு அலுவலகத்தில் நீங்கள் கைச்சாத்திடும் படிவம் பெரும்பாலும் குத்தகையல்ல. இடத்தைப் பயன்படுத்த அனுமதி தரும் உறுப்பினர் ஒப்பந்தம். அதனால் வேலை சுலபம், நொத்தாரிசுக் கட்டணம் இல்லை. அதே காரணத்தால் குத்தகைக்காரருக்கு உள்ள பிடிமானமும் உங்களுக்கு இல்லை: அறையை மாற்றச் சொல்லலாம், அறிவித்தல் காலம் கொடுத்துவிட்டு வெளியே அனுப்பலாம். ஒரு மாதச் சந்தாவுக்கு இது பிரச்சினையில்லை. இரண்டு வருடத்துக்கு முழு மாடியை ‘உறுப்பினர் ஒப்பந்தம்’ என்ற தலைப்பில் எழுதித் தந்தால், கைச்சாத்திட முன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள்.

நடத்துபவருக்கே அந்தக் கட்டடத்தில் எவ்வளவு காலக் குத்தகை மீதி இருக்கிறது என்றும் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். 2010இல் நியூயோர்க்கில் தொடங்கி உலகெங்கும் பரவிய வீவேர்க், கட்டடங்களை நீண்ட காலத்துக்கு எடுத்துக் குறுகிய காலச் சந்தாவாக விற்றது. ஆட்கள் குறைந்தபோது வாடகை குறையவில்லை. 2023 நவம்பரில் அமெரிக்காவில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. சிறிய அளவில் எந்த நடத்துநருக்கும் அடிப்படை ஆபத்து இதேதான்.

முகவரி மட்டும்

மெய்நிகர் அலுவலகம் என்பது கதிரையே இல்லாத பகிர்வு. முகவரி, கடிதம் வாங்குதல், சில இடங்களில் தொலைபேசிக்குப் பதில் சொல்லுதல், மாதத்தில் இத்தனை மணி நேரம் கூட்ட அறை. வெள்ளவத்தை வீட்டிலிருந்தோ கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்தோ தொழில் செய்பவர், விசிற்றிங் கார்டில் கொழும்பு 1 என்றோ 3 என்றோ போட விரும்பினால் இது உதவும். அடுக்குமாடி வீட்டின் முகாமைத்துவக் குழு வீட்டு முகவரியில் வியாபாரம் பதிய விடாவிட்டாலும் இது உதவும்.

கம்பனி பதிவதற்கு இதைப் பயன்படுத்துவதென்றால் கொஞ்சம் நிதானம் தேவை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு கம்பனிக்கும் இலங்கையில் பதிவு அலுவலகம் இருக்க வேண்டும். சட்ட அறிவித்தல்கள் அங்கேதான் வரும்; கம்பனியின் பதிவேடுகளை வைக்கும் இடமும் பொதுவாக அதுவே. ஆகவே மூன்று விடயங்களை எழுத்தில் வாங்குங்கள்: பதிவு அலுவலகமாகப் பயன்படுத்த அனுமதி உண்டா, பதிவுத் தபாலுக்கு யார் கையொப்பமிடுவார், வந்த அன்றே உங்களுக்கு அறிவிப்பார்களா. நீதிமன்ற அழைப்பாணையோ இறைவரித் திணைக்களக் கடிதமோ வரவேற்பு மேசை இழுப்பறையில் மூன்று வாரம் கிடந்தால், கடிதம் கிடைக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. முகவரி உங்களுடையது என்று பதிந்தது நீங்கள்தானே.

தனிநபர் வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் இடத்துக்கான ஆவணமும் கேட்பார்கள். ‘மேசை எண் 14’ என்ற சந்தாப் பற்றுச்சீட்டை எல்லா அலுவலரும் ஏற்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். நடத்துநரிடம் கடிதத் தலைப்பில் உறுதிக் கடிதம் எடுத்துக்கொண்டு, முதலில் அந்தப் பிரிவுக் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். வங்கிக் கணக்குத் திறக்கும்போதும் இதே கேள்வி வரலாம். அதிகாரி நேரில் வந்து பார்க்கவும் கூடும்.

வளர்ப்பகமும் துரிதப்படுத்தியும்

இவற்றில் மேசை இரண்டாம் பட்சம். வளர்ப்பகம் உங்கள் யோசனையை எடுத்துப் பார்த்து, தேர்ந்தெடுத்து, ஆலோசகர், கணக்கு உதவி, முதலீட்டாளர் அறிமுகம் ஆகியவற்றோடு இடமும் தரும். காலம் மாதங்களாகவோ வருடங்களாகவோ நீளலாம். துரிதப்படுத்தி என்பது கெடு வைத்த பயிற்சி. அமெரிக்காவில் 2005இல் தொடங்கிய வை கொம்பினேட்டர் வைத்த மூன்று மாத வடிவத்தையே பலர் பின்பற்றுகிறார்கள். கடைசியில் முதலீட்டாளர் முன் தொழிலை எடுத்துச் சொல்ல ஒரு நாள். இலங்கையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம், பல்கலைக்கழகங்கள், தனியார் நிறுவனங்கள் இப்படியான நிகழ்ச்சிகளை நடத்தியிருக்கின்றன.

இலவசம் என்று சொன்னால், எதற்குப் பதிலாக என்று கேளுங்கள். சில இடங்களில் கம்பனியின் பங்கில் ஒரு பகுதி போகும். மேசை வேண்டும் என்பதற்காகப் பங்கைக் கொடுப்பது மிக விலையுயர்ந்த வாடகை.

இயந்திரத்தைப் பகிர்வது

மடிக்கணினி போதாத தொழில்களுக்குப் பட்டறை வகை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நீல் கேர்ஷன்ஃபெல்ட் 2001இல் தொடங்கிய ஃபப் லாப் இதற்கு மாதிரி: லேசர் வெட்டி, முப்பரிமாண அச்சு இயந்திரம், மின்னணுப் பாகங்கள் ஒட்டும் மேசை. இங்கே பகிர்வது நாற்புறச் சுவரையல்ல, நேரத்தை. இயந்திரத்துக்கு முன்பதிவு உண்டா, பயிற்சி முடித்த சான்று வேண்டுமா, மூலப்பொருள் யாருடையது, உடைத்தால் யார் கட்டுவது என்பவை அறை வாடகையைவிட முக்கியம். லேசர் வெட்டியில் பிவிசி பிளாஸ்டிக் தகட்டை வைக்கவே கூடாது: குளோரின் கலந்த நச்சுப் புகை வரும், இயந்திரமும் துருப்பிடிக்கும். இந்த விதியைச் சுவரில் எழுதி ஒட்டாத பட்டறையை நம்பாதீர்கள்.

பகிர்வுச் சமையலறையும் இதே குடும்பம். பிக்மீ, ஊபர் ஈட்ஸ் வழியாக மட்டும் சாப்பாடு விற்பவர்கள் அடுப்பையும் குளிர்களஞ்சியத்தையும் பகிர்ந்துகொள்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் ஒருவரின் குறை எல்லோரையும் பாதிக்கும். மரக்கறி மட்டும் சமைப்பவரும் ஹலால் பார்ப்பவரும் ஒரே அடுப்பைப் பகிர முடியுமா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். பாத்திரம், எண்ணெய், வெட்டும் பலகை தனித்தனியாக வேண்டும். சலூனில் கதிரையை மட்டும் வாடகைக்கு எடுக்கும் சிகையலங்காரக்காரரும் அறிந்தோ அறியாமலோ இந்த வகைதான்.

பகிர்வு அலுவலகம் போலத் தெரிபவை

கோப்பிக் கடையில் மடிக்கணினியோடு இருப்பது வேலைதான், ஆனால் எந்த உரிமையும் உங்களிடம் இல்லை. அங்கே விற்பது கோப்பி. வாசிகசாலையில் அமைதி, நல்ல வெளிச்சம். விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது, வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. எழுத்து வேலைக்கும் பரீட்சைக்கும் பொருத்தம், தொலைபேசி வேலைக்கு இல்லை. மருதானைத் திரிபோலிச் சந்தையின் பழைய கட்டடங்களில் அமைந்த ட்ரேஸ் எக்ஸ்பேர்ட் சிட்டியும் தெமட்டகொடையின் ஓரியன் சிட்டியும் தொழில்நுட்ப வளாகங்கள். அங்கே கம்பனிகள் பகிர்வது வளவையும் பாதுகாப்பையும் வாகனத் தரிப்பையும். அலுவலகம் ஒவ்வொன்றுக்கும் தனி.

கொழும்பில் குறிப்பாகப் பார்க்க வேண்டியவை

முதலில் மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஞாயிறன்று நாடு முழுவதும் இருண்டது. ‘ஜெனரேட்டர் இருக்கிறது’ என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். அது எதை ஓட்டும்? விளக்கும் பிளக்கும் மட்டுமா, ஏசியும் லிஃப்டுமா? 12ஆம் மாடியில் அலுவலகம் என்றால் லிஃப்ட் முக்கியம். ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளச் சில வினாடிகள் முதல் அரை நிமிடம் வரை ஆகும். அந்த இடைவெளியில் ரவுட்டர் அணைந்தால், அது மறுபடி எழும்ப இரண்டு மூன்று நிமிடம். உங்கள் வீடியோ அழைப்பு முடிந்தது. ஆகவே ரவுட்டர் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஃபைபர் வயர் வந்து சேரும் சின்னப் பெட்டியையும் அதிலேயே கொழுவியிருக்க வேண்டும். பல இடங்களில் ரவுட்டருக்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்துவிட்டு இந்தப் பெட்டியை மறந்துவிடுகிறார்கள்: வைஃபை அடையாளம் நிறைய இருக்கும், இணையம் இராது.

இணைய வேகத்தைப் பரிசோதிக்கும்போது கீழிறங்கும் வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். வீடியோ அழைப்பில் நீங்களும் அனுப்புகிறீர்கள். தெளிவான படத்துக்கு ஓர் அழைப்புக்கு மேலேயும் கீழேயும் மூன்று நான்கு எம்பிபிஎஸ் (வினாடிக்கு மெகாபிட்) வைத்துக்கொள்ளலாம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினால் மேலே அனுப்ப மட்டும் 40. கூட்டமான நேரத்தில், நீங்கள் உட்காரப்போகும் மூலையில் இருந்தே சோதியுங்கள். வைஃபையின் பழைய 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான். காலி வீதிக் கட்டடமொன்றில் மேலும் கீழும் பக்கத்திலும் இருபது ரவுட்டர் இருக்கும். 5 கிகாஹேட்ஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு சோதனை: கணினியின் வலையமைப்புப் பட்டியலைத் திறந்தால் பக்கத்துக்காரரின் கோப்புறைகள் தெரிகின்றனவா? தெரிந்தால் உங்களுடையதும் அவருக்குத் தெரியும். உறுப்பினர்களின் கருவிகளைப் பிரித்துவைக்காத வலையமைப்பு அது.

அடுத்தது நேரம். இங்கிருந்து நியூயோர்க்குக்கு வேலை செய்பவருக்கு அங்கே காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. லண்டன் என்றால் பிற்பகல் 1.30 அல்லது 2.30. சிட்னி என்றால் அதிகாலை 3.30 அல்லது 4.30. ஒன்பதிலிருந்து ஆறு வரை திறக்கும் இடத்தில் நியூயோர்க் வேலை செய்ய முடியாது. 24 மணி நேரம் என்று சொன்னால், இரவில் பாதுகாவலர் இருக்கிறாரா, கழிப்பறைப் பாதையில் வெளிச்சம் உண்டா, வாசலிலேயே வாகனம் ஏற முடியுமா என்று பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு வேலை முடியும் பெண்களுக்கு இதுதான் முதல் கேள்வி. போயா எனும் முழுமதி விடுமுறை தினங்களில் திறந்திருக்குமா? வருடத்தில் குறைந்தது பன்னிரண்டு போயா வரும், உங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அவை வேலை நாள்.

சின்ன விடயம் ஒன்று: பொது மைக்ரோவேவில் கருவாட்டுக் குழம்பைச் சூடாக்குவது பற்றி விதி இருக்கிறதா என்று பாருங்கள். சிரிப்புக்குச் சொல்லவில்லை, ஏசி மண்டபத்தில் அந்த வாசனை மாலை வரை நிற்கும்.

விலையைக் கூட்டிப் பார்ப்பது

கணக்குக்காக மட்டும் இலக்கங்களை வைப்போம். நாள் கட்டணம் 2,000 ரூபா, மாதச் சந்தா 24,000 ரூபா என்றால், மாதத்தில் 12 நாளுக்கு மேல் வந்தால்தான் சந்தா இலாபம். போயா, விடுமுறை, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களைக் கழித்தால் பலர் அந்த 12ஐத் தாண்டுவதில்லை. முதல் மாதம் நாள் கட்டணத்தில் போய், எத்தனை நாள் என்று நாட்காட்டியில் குறித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

விளம்பரத்தில் உள்ள தொகையில் வரி அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். 24,000 என்பது 28,320 ஆகிவிடும். சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 வீதத்தையும் சிலர் மேலே சேர்ப்பார்கள். கூட்ட அறை நான்கு மணி நேரம் இலவசம் என்று போட்டிருந்து, உங்களுக்கு எட்டு மணி நேரம் தேவைப்பட்டால், மிச்ச நான்கை மணிக்கு 2,500 என்று வைத்தால் இன்னொரு 10,000. பாவிக்காத மணி நேரம் அடுத்த மாதத்துக்கு வராது என்பதே பொதுவான விதி. அச்சிடும் தாள், விருந்தினர், வாகனத் தரிப்பு ஆகியவற்றுக்கும் இப்படியே.

வெளியேறும்போது

சேரும் நாளிலேயே வெளியேறும் பக்கத்தை வாசியுங்கள். எத்தனை நாள் முன் அறிவிக்க வேண்டும், மாதத்தின் எந்தத் தேதியிலும் அறிவிக்கலாமா அல்லது முதலாம் தேதிதானா, ஒப்பந்தம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளுமா, வைப்புப் பணம் எத்தனை நாளில் திரும்பும், சுவரில் அடித்த ஆணிக்குக் கழிப்பார்களா. அறையை எடுக்கும் அன்று தேதியோடு படம் எடுத்து, நடத்துநருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் கடைசிக் கேள்விக்குச் சண்டை வராது.

முகவரியைப் பயன்படுத்தியிருந்தால் வேலை இன்னும் இருக்கிறது. கம்பனியின் பதிவு அலுவலக மாற்றத்தைக் கம்பனிப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். வங்கி, இறைவரித் திணைக்களம், ஊழியர் சேமலாப நிதிப் பதிவு, கூகிள் வரைபடம், விலைச்சிட்டைப் புத்தகம் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். இது முடிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை வரும் கடிதங்களை எடுத்து வைக்க மாதம் இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பேசி, அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.